நாம் வெளுத்த முகம்

நம் இல்லத்தில் பதினைந்து பிராயமுள்ள பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளைப் படம் பிடிப்பது சில ஆண்டுகளாக நம்மைப் பற்றியிருக்கும் ஒரு பித்து. பட்டுடுத்தி, பூச்சூட்டி, ஸ்டூடியோவில் நிறுத்தி எடுக்கும் படத்தை நாம் சொல்லவில்லை. எண்ணெய் வைத்த தலையோடு ஜன்னலருகே சாய்ந்து கதைப் புத்தகம் வாசிக்கையிலும், கணக்கு வராமல் பென்சிலைக் கடிக்கையிலும், மீகோரிங் தட்டைக் கையிலேந்தி நிற்கையிலும் எடுக்கும் படங்களையே சொல்லுகிறோம்.

குழந்தையாயிருந்த காலத்தில் காமிராவைக் கண்டால் ஓடி வந்தவள், பதின்மூன்று நிறைந்ததும் புறங்கையால் முகத்தை மறைக்கலானாள். அவ்வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் இதனை நன்கறிவர். "சிரி" என்று கட்டளையிடுவதை நாம் அன்றோடு விட்டோம். காமிராவை மேசைமேல் வைத்துவிட்டு, பள்ளிக்கூடச் செய்தி ஏதேனும் விசாரிப்போம். பேச்சு சூடுபிடித்த பின்னர் இரண்டொரு முறை பொத்தானை அழுத்துவோம். முதற் பத்துப் படங்களில் இருப்பவள் காமிராவுக்காக உட்கார்ந்த பெண். அதற்கு அப்பால்தான் நம் மகள் தென்படுவாள்.

வெளிச்சத்துக்காகவும் நாம் பெரும் செலவு செய்வதில்லை. நேர்வெயில் படாத ஜன்னல் ஒன்று போதும். கூரையிலுள்ள குழல்விளக்கை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் முகத்தின் ஒரு புறம் பச்சை பாயும். ஜன்னலுக்கு எதிர்ப்புறம் ஒரு வெள்ளைப் போர்வையை நாற்காலியில் தொங்கவிட்டால், இருண்ட கன்னத்திலும் சிறிது ஒளி திரும்பி வரும். கைத்தொலைபேசியால் எடுப்போர் முகத்தருகே நெருங்கலாகாது. நெருங்கினால் மூக்கு பருத்துக் காது சிறுத்துவிடும்.

நிற்க. இத்தனையும் அறிந்த நாம் செய்த பிழையொன்றைச் சொல்லவே இதனை எழுதத் துணிந்தோம்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், புதிதாகச் சுண்ணாம்படித்த சுவரின் முன் அவளை உட்கார வைத்து எடுத்தோம். படம் கருத்திருந்தது. கணினியில் ஏற்றி முகத்தை மட்டும் தேர்ந்து வெளிச்சத்தைக் கூட்டினோம். கூட்டியது போதவில்லை என்று தோன்றவே இன்னும் கூட்டினோம். பருக்களைத் துடைத்தோம். தோலை மழமழப்பாக்கினோம். மேலுதட்டின் மேலுள்ள சிறு மச்சம் கண்ணை உறுத்தியது, அதையும் துடைத்தோம். முடித்ததும் உறவினர்கள் எல்லோரும் பார்க்கும் வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பினோம்.

பாராட்டு மழை பொழிந்தது. "பெண் நல்ல கலராகிவிட்டாளே, என்ன பூசுகிறாள்?" என்று நம் தமக்கையார் கேட்டிருந்தார். மறைப்பானேன், அதனை வாசித்து நாம் பெருமையுற்றோம்.

இரவு மகள் வந்தாள். "அப்பா, இது யாருடைய பெண்?" என்றாள். நாம் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. "நான் கறுப்பாயிருப்பது உங்களுக்கு வெட்கமா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மணமகளுக்கு நிறம் பார்க்கும் வழக்கத்தைக் கண்டித்து நாம் மேடையேறிப் பேசியதுண்டு. சங்கக் கூட்டங்களில் நம் மகள் முன்வரிசையில் அமர்ந்து அதனைக் கேட்டதும் உண்டு. அவ்விரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் நம் அன்னையார் படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "மச்சம் எங்கேடா?" என்றார். எடுத்துவிட்டோம் என்றோம். "அது எங்கம்மா மச்சம்" என்றார்.

பாட்டியாரை நாம் கண்டதில்லை. நாம் பிறக்குமுன்னரே காலமாகிவிட்டார். 1948ஆம் ஆண்டில் அவசரகாலச் சட்டம் வந்தபோது, மலாயாவில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் படத்தோடும் கைரேகையோடும் அடையாள அட்டை பெற வேண்டுமென்று உத்தரவாயிற்று. லயங்களில் வாழ்ந்த பால்மரத் தொழிலாளர் பலருக்கு அதுவே முதற் படமாயிருந்திருக்கும். பாட்டியாருக்கும் அடையாள அட்டைப் படமே உண்டு. அவர் இறந்தபின் அதனைப் பெரிதாக்கித் தரும்படி பட்டணத்து ஸ்டூடியோவில் கொடுத்தார்களாம். படக்காரர் தூரிகையால் முகத்தை வெளுத்து, கன்னத்தில் ரோஜா வண்ணம் ஏற்றி, ஒருநாளும் அணியாத அட்டிகை ஒன்றையும் கழுத்தில் எழுதிக் கொடுத்தார். மச்சம் போயிற்று. அட்டையும் போயிற்று. "கண் மட்டுந்தான் அவளுடையது, மற்றதெல்லாம் படக்காரனுடையது" என்றார் அன்னையார்.

நாம் நமது காமிராவின் இயல்பை மறுபடியும் சிந்தித்தோம். தன் முன்னுள்ள காட்சி முழுவதையும் சேர்த்து நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயல்வதே அதனுள்ளிருக்கும் ஒளிமானியின் வழக்கம். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்ததால் அது ஒளியைக் குறைத்தது, முகம் இருண்டது. சுவர் செய்த குற்றத்துக்கு முகத்தைத் திருத்தினோம்! கருவி செய்வோரிடமும் இக்குறை நெடுங்காலம் இருந்ததுண்டு. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் நிறம் சரிபார்க்க அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண்மணி. அவர் தோலுக்குப் பொருந்தினால் போதுமென்றிருந்தனர். பல நிறத்தாரும் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. கூகுள் நிறுவனம் கறுத்த மேனியையும் உள்ளபடி காட்டுவதாகச் சொல்லித் தன் தொலைபேசியை விற்றது 2021இல். ஆயினும் அன்று மகளின் கன்னத்தில் வெள்ளை பூசியது கோடாக்குமன்று, கூகுளுமன்று.

நான்கு மாதம் அவள் நமது காமிராவின் முன் வரவில்லை. வந்தபோது நிபந்தனைகளோடு வந்தாள். திருத்தும்போது பக்கத்தில் அவள் இருப்பாள். வேண்டாமென்ற படம் அங்கேயே அழியும். அவளைக் கேளாமல் எவருக்கும் அனுப்பலாகாது. பரு இரண்டு வாரத்தில் தானே போவது, ஆகையால் அதைத் துடைக்கலாம். மச்சமும், சைக்கிளிலிருந்து விழுந்து புருவத்தில் பட்ட வடுவும் போகாதவை, அவற்றைத் தொடலாகாது. நிறத்தின் பேச்சே கூடாது. தொலைபேசியிலுள்ள முகவழகுப் பொறியை அவளே தேடி அணைத்தாள்.

இப்போது அவள் நாற்காலி பழைய மர அலமாரியின் முன் இருக்கிறது. கருமையான பின்புறத்தில் அவள் முகம் தன் நிறத்திலேயே துலங்குகிறது. ஒரு வெள்ளைத் தாளை அருகில் பிடித்து முதற் படம் எடுத்துக்கொள்வோம். தாள் வெண்மையாகத் தெரியும்படி சரிசெய்தால் மற்ற நிறங்கள் தாமே ஒழுங்காகும். அதற்குமேல் நமக்கு வேலை குறைவு.

சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமென்றார் அன்னையார். நாம் ஒன்றைத் தேர்ந்தோம். மகள் வேறொன்றைத் தேர்ந்தாள். பாதி முகத்தில் மயிர் விழுந்து, வாய் எதையோ சொல்லத் திறந்திருக்கும் படம் அது. நமக்கு இன்றும் அதில் அவ்வளவு பிரியமில்லை. மச்சம் மட்டும் நன்றாகத் தெரிகிறது. பாட்டியாரின் படத்துக்கு அருகில் ஆணியடித்து மாட்டினோம். அன்னையார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தார்.