வானத்தைப் பார்க்காதே, தரையைத் தொட்டுப் பார்

மலேசியாவின் பேராக்கில் இருந்துகொண்டு மழையைத் திட்டிப் பயனில்லை. தைப்பிங்கில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. ஈப்போவில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் காலை வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலம் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் ஸ்கேட்போர்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதும் அந்த நேரம்தான்.

"மழை விட்டுருச்சு தாத்தா, போகட்டுமா?" என்பான் பேரன். "மானத்தைப் பார்க்காதய்யா, தரையைத் தொட்டுப் பாரு" என்பேன். இது தோட்டத்துப் பாடம்.

1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. அதன் பின் இம்மாநிலத்தில் எத்தனையோ காடு ரப்பர்த் தோட்டமாயிற்று. அங்கே கூலிக்குப் பால் வெட்டிய எங்கள் சனங்கள் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, ஓடினார்கள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஆனால் இரவு மழை பெய்திருந்தால், வானம் எவ்வளவு வெளுத்திருந்தாலும், கை முதலில் போவது மரத்துக்கு. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழியும். பால் பிடிக்கும் மங்குக்கு வந்து சேராது. ஈரத்தில் வெட்டிய இடத்தில் பூஞ்சை பிடித்துப் பட்டை அழுகும். அன்று பால் வெட்டும் உளிக்கு வேலையில்லை.

காலுக்குப் போட்டதும் இடமறிந்த சாமான்தான். 'கம்போங் அடிடாஸ்' என்று கேலியாகப் பெயர் வாங்கிய கறுப்பு ரப்பர் சப்பாத்து மலிவு. ஒரே வார்ப்பு, தண்ணீர் குடிக்காது, அடியிலுள்ள குமிழ்கள் சேற்றைக் கவ்வும். இன்று மலையேறுகிறவர்களும் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஸ்கேட்போர்டில் ஏறினால் பலகை காலுக்குப் பிடிபடாது. அங்கே தட்டையான ரப்பர் அடி வேண்டும்.

சக்கரமும் அப்படியே. அது ரப்பர் அல்ல, பாலியூரித்தேன். அதன் கடின அளவு 78ஏ என்றிருந்தால் மென்மை, சொரசொரத்த தார்ச் சாலைக்கு ஏற்றது. 99ஏ கடினம், வழவழப்பான விளையாட்டுத் தளத்துக்கு நல்லது. ஈரத்தில் மென்மையானது கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனாலும் நனைந்த சிமெண்டிலும் சாலையின் வெள்ளைக்கோட்டிலும் எதையும் நம்ப முடியாது. தண்ணீர் புகுந்தால் பேரிங் துருப்பிடிக்கும். ஏழு அடுக்கு மேப்பிள் பலகை ஓரத்தில் உப்பிப் பிரியும். நனைந்துவிட்டால் அன்றே பேரிங்கைக் கழற்றித் துடைத்து, காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். தலைக்கவசத்தோடு மணிக்கட்டுக் காப்பும் வாங்குங்கள். வழுக்கினால் முதலில் ஊன்றுவது கைதான்.

நல்ல சாமான் காத்திருக்கத் தெரிந்தவனுக்குத் துணை. தெரியாதவனுக்கு வீண் தைரியம். பட்டை காயாத நாளில் எங்கள் சனங்களுக்குக் கூலியே போனது; அந்த நட்டம் தொழிலாளி தலையில் விழுந்தது அநியாயம். பேரனுக்குப் போவது ஒரு சாயங்கால விளையாட்டு மட்டும். அத்தனை மலிவான பொறுமையைக்கூட அவன் பழகாவிட்டால், விலை கூடிய எந்தச் சக்கரமும் அவனைக் காப்பாற்றாது.