எந்தக் கால், எந்தத் தேதி?

சிவாவா, பொமரேனியன் போன்ற குட்டி நாய்கள் சில, ஓடும்போதே ஒரு பின்னங்காலைத் தூக்கி நாலு எட்டு நொண்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஓடும். முழங்கால் சில்லு தன் பள்ளத்தை விட்டு, பெரும்பாலும் உட்புறமாக, நழுவுவதால் வருவது இது. மருத்துவர்கள் இதை 4 நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் கையால் தள்ளினால்தான் நழுவும், விட்டதும் திரும்பிவிடும். நான்காம் நிலையில் தள்ளினாலும் திரும்பாது. அமெரிக்காவில் இதற்கான அறுவைச் சிகிச்சை ஆயிரக்கணக்கான டாலர்களை விழுங்கும். அந்தப் பணத்தைக் கேட்டால், "பாலிசிக்கு முன்பே இருந்த நோய்" என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிப்பதுண்டு. அதை வளர்ப்பவர் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதல்ல.

அமெரிக்க மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் தேசிய சங்கம் மாநிலங்கள் பின்பற்றுவதற்காக 2022இல் ஏற்ற மாதிரிச் சட்டம், "முன்பே இருந்த நோய்" என்ற விலக்கு பொருந்துகிறது என்று காட்டும் சுமையை நிறுவனத்தின் தலையிலேயே வைக்கிறது. அப்படிக் காட்ட, பாலிசிக்கு முன்போ, பாலிசி தொடங்கியபின் வரும் காத்திருப்புக் காலத்திலோ மருத்துவர் ஆலோசனை சொல்லியிருக்க வேண்டும், அல்லது சிகிச்சை நடந்திருக்க வேண்டும், அல்லது இந்த நோயோடு நேரடித் தொடர்புள்ள அறிகுறி சரிபார்க்கத்தக்க ஆதாரத்தில் இருக்க வேண்டும். மருத்துவக் குறிப்பில் "லேசாக நொண்டுகிறது" என்ற ஒற்றை வரி அந்த நேரடித் தொடர்பாகிவிடாது. நகம் பெயர்ந்தாலும் நாய் நொண்டும். நிறுவனத்தார், பிறவியிலேயே எலும்பமைப்பு கோணல், ஆகவே நோயும் பழையது என்பார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை என்பதற்காக மகனையும் நோயாளி என்று எழுதிவிட முடியுமா? அந்த இனத்துக்கு உள்ள ஆபத்தையும் பார்த்துத்தானே பிரீமியமே போடுகிறார்கள்!

நொண்டிய பிறகு எல்லோரும் பாலிசி எடுத்தால் மற்றவர்களின் பிரீமியம் ஏறும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதற்குத்தான், விபத்தால் வராத மூட்டுக் கோளாறுகளுக்கு 30 நாள் வரை காத்திருப்புக் காலம் வைக்க அதே சட்டம் இடம்தருகிறது. அதே முழங்காலில் சில்லு நழுவியது முன்பே பதிவாகியிருந்தால் வாதாட இடமில்லை, விட்டுவிடலாம். சிக்கல் இன்னொரு காலில்தான். இந்த நோய் இரு கால்களிலும் வருவது சகஜம் என்பதால், ஒரு காலில் இருந்தாலே மறுகாலையும் சேர்த்து விலக்கும் நிபந்தனை சில பாலிசிகளில் உண்டு. அது பாலிசியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதியிருக்காவிட்டால், எந்தத் தேதியில், எந்தக் காலில், எந்த அறிகுறி என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் மருத்துவரிடமும், நோய் முதலில் தெரிந்த நாளைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். பதில் மழுப்பலாக வந்தால், உங்கள் மாநிலக் காப்பீட்டுத் துறைக்குப் புகார் அனுப்புங்கள்.