கிரீஸ் குடிக்கும் சிற்பங்கள்

"காயலான் கடைச் சாமான்களுக்கு ஒரு பூங்கா வைத்திருக்கிறார்கள், பார்க்க வருகிறீர்களா?" என்று ராலே நகரில் இருக்கும் நண்பர் கூப்பிட்டார். வடக்குக் கரோலினாவில், ராலேயிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் போனால் வில்சன். ஒருகாலத்தில் புகையிலை ஏலத்துக்குப் பேர்போன ஊர். பழைய புகையிலைக் கிடங்குகளுக்கு நடுவே புல்வெளியில் முப்பது காற்றாடிகள் நிற்கின்றன. சிலவற்றின் உச்சியைப் பார்க்க அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது. உயரம் 50 அடிக்கு மேல். காற்று எழுந்ததும் கோவேறு கழுதைகள் வண்டி இழுக்கின்றன, ஒரு தகர மனிதன் கிடார் வாசிக்கிறான், விமானங்கள் சுற்றுகின்றன.

செய்தவர் வாலிஸ் சிம்ப்சன் (1919–2013). கலைப்பள்ளி வாசலை மிதிக்காதவர். விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்த்தார். வீடுகளை அடியோடு பெயர்த்து வண்டியிலேற்றி வேறிடத்தில் இறக்கிவைக்கும் தொழிலும் செய்தார். இரண்டாம் உலகப் போரில் சைப்பான் தீவில் இருந்தபோது, உடைந்த பி-29 விமானத்தின் பாகங்களை வைத்துக் காற்றில் ஓடும் சலவை இயந்திரம் ஒன்றைச் செய்தார். தொழிலிலிருந்து ஓய்வு பெறும் வயதில், பட்டறையில் மிஞ்சிக் கிடந்த இரும்பை எடுத்து, லூக்காமா ஊருக்கருகே தன் நிலத்தில், சாலையோரமாகவே இந்தக் காற்றாடிகளை நட்டார். வீடு தூக்கிய கருவிகள் இதற்கும் உதவின. சைக்கிள் சக்கரம், மின்விசிறி இறக்கை, புகைபோக்கிக் குழாய் எல்லாம் உள்ளே போயின. சாலைப் பலகைகளின் ஒளிரும் தகட்டை வெட்டி ஒட்டினார். இரவில் கார் விளக்கு பட்டால் அத்தனையும் மின்னும். கட்டணம் கிடையாது, காவலாளி கிடையாது.

பூங்காவில் பராமரிப்பு வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் பேச்சுக் கொடுத்தேன். வெல்டிங், வண்ணம் பற்றிக் கேட்டால் ஓரிரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். பேரிங் என்றதும் முகம் மலர்ந்தது. "காற்று நின்றாலும் துரு நிற்காது. ஒரு பேரிங் இறுகினால் தண்டு முறுகும், தண்டு முறுகினால் இறக்கை பிய்யும்" என்றார். கையில் கிரீஸ் துப்பாக்கி.

அதன் பிறகு எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு காற்றாடியிலும் எத்தனை பேரிங், யார் ஏறி எண்ணெய் போடுவது என்றே யோசித்தேன். லூக்காமாவில் அந்த வேலையைச் சிம்ப்சனே பார்த்தார். முதுமையில் ஏற முடியாமல் போனதும் இரும்பு துருவேறத் தொடங்கியது. 2010 வாக்கில் காற்றாடிகளைக் கழற்றி வில்சனுக்குக் கொண்டுவந்து சீரமைக்கத் தொடங்கினார்கள். 2013இல் அரசு அவற்றை மாநிலத்தின் நாட்டார் கலையாக அறிவித்தது. 2017இல் பூங்கா முழுமையாகத் திறந்தபோது அவர் இல்லை.

அருங்காட்சியகங்களில் எதையும் தொடாதே என்பார்கள். ஓடுவதற்காகச் செய்த பொருளைத் தொடாமல் விட்டால் அது செத்துப்போகும். ஆனால் நன்கொடையாளர்கள் திறப்பு விழாவுக்குக் கொடுக்கும் பணத்தை மாதாந்திர கிரீஸுக்குக் கொடுப்பார்களா? கல்வெட்டில் பெயர் வராத செலவு அது. ஏலச் சந்தை போன ஊருக்கு இந்தத் தகரங்கள் இன்று ஆட்களை வரவழைக்கின்றன. அந்த வருமானத்தின் முதல் பங்கு ஏணியில் நிற்பவருக்குப் போக வேண்டும். என்னைக் கேட்டால், ஒவ்வொரு காற்றாடியின் அடியிலும் சிம்ப்சன் பெயரோடு, கடைசியாகப் பேரிங் மாற்றியவர் பெயரையும் எழுதிவைப்பேன்.