பிள்ளைகள் உள்ள வீடும் பொருட்களின் பெருக்கமும்

பிள்ளைகள் உள்ள வீட்டிலே ஒழுங்கு நிலவுதல் அரிது என்பது நம்மவர் யாவரும் ஒப்புக்கொண்டுவிட்ட முடிபு. விருந்தினராக வருபவரும் விறாந்தையிற் கால் வைத்தவுடனே, "பிள்ளையள் இருக்கிற வீடெண்டால் இப்பிடித்தானே" என்று முகமன் கூறி, கதிரையிற் கிடக்கும் பொம்மையை ஒதுக்கிவிட்டு உட்காருகின்றனர். இம்முடிபை ஏற்க நாம் தயங்குகிறோம். மார்கழி மழையின்போது ஒரு சனிக்கிழமை, எமது மண்டபத்திலே நிலத்திற் கிடந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். கையிழந்த பொம்மைகள், மூடி தொலைந்த நிறப்பேனைகள், சில்லுக் கழன்ற மோட்டார் வண்டிகள், பிறந்தநாள் வைபவங்களிலே கிடைத்த ஊதுகுழல்கள், ஒருபக்கம் மட்டும் அச்சிட்ட பரீட்சைத் தாள்கள், யாழ்ப்பாணத்து வெயிலில் எவரும் அணியவியலாத கம்பளிச் சட்டையொன்று. இவற்றுள் எமது பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கியது ஒன்றேனும் இல்லை. நான்கு வயதுக் குழந்தையிடம் பணப்பை ஏது? அனைத்தும் வளர்ந்தோர் கையால் வந்தவை. வளர்ந்தோரே வாங்கினர், வளர்ந்தோரே அனுப்பினர், வேண்டாமென்று சொல்ல வெட்கி வளர்ந்தோரே வாங்கி வைத்தனர்.

இவ்வூரிலே பொருட்கள் வரும் வழிகள் பல. கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் உறவினர் அனுப்பும் பெட்டிகளே அவற்றுள் முதன்மையானவை. மருமக்களை ஆண்டுக்கொரு முறையேனும் காணக் கிடையாதவர்கள் பெட்டி நிறையப் பொருள் அனுப்புவதைக் குறைகூற எமக்கு மனமில்லை. எனினும் பெட்டியிலுள்ளவை வைக்கப்பட வேண்டிய வீடு எம்முடையதன்றோ? அடுத்தது பிறந்தநாட் கொண்டாட்டம். நாம் சிறுவராயிருந்தபோது அன்று கோயிலில் அருச்சனையும் வீட்டிற் பாயசமும் நடைபெற்றன. இப்பொழுதோ கொண்டாட்டத்துக்கு வந்த பிள்ளைகள் யாவருக்கும் பை நிறைய பிளாஸ்டிக் பண்டங்களைக் கொடுத்து அனுப்புதல் மரபாகிவிட்டது. 2021 ஆம் ஆண்டிலே அரசாங்கம் காற்றடைத்த விளையாட்டுப் பண்டங்கள் சிலவற்றைத் தடைசெய்தது. ஆயினும் இப்பைகள் மெலிந்ததாகத் தெரியவில்லை.

பழைய வீடுகளைச் சற்று எண்ணிப் பார்த்தல் பயன்தரும். எமது பாட்டனார் காலத்திலே இரவிற் பாய் விரித்துப் படுத்தனர். காலையிற் பாயைச் சுருட்டி மூலையிலே சாத்தினர். ஆகவே அறையானது நாள்தோறும் ஒருமுறை வெறுமையாயிற்று. கட்டில் வந்தபோது கட்டிலின் கீழே ஓர் இருண்ட களஞ்சியமும் உடன் வந்தது. அலுமாரி, கதிரை, மேசை என்னும் சொற்கள் போர்த்துக்கேயரிடமிருந்தும், லாச்சி என்னும் சொல் ஒல்லாந்தரிடமிருந்தும் எமது பேச்சுக்கு வந்தவை. அவர்கள் வருமுன் எம்மவர் பொருள் வைத்தவை பெட்டகமும் பனையோலைப் பெட்டியும் கடகமும் உமலுமே. ஓலைப் பண்டம் இத்துப்போனால் அடுப்புக்குச் சென்றது. அல்லது தோட்டத்து மண்ணிலே தாழ்க்கப்பட்டுப் பசளையாயிற்று. பிளாஸ்டிக் வாளி இத்துப்போவதுமில்லை, மண்ணாவதுமில்லை. உடைந்தபின்னும் கோடிப்புறத்திலே வாளியாகவே கிடக்கின்றது. பழைய வீட்டிலே பொருள் குறைந்திருந்தமைக்கு வறுமையும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பொருள் சேர்ந்த வீடுகளின் அட்டாளைகளிலே ஓட்டைக் கிடாரமும் தண்டொடிந்த குத்துவிளக்கும் தூசி படிந்து கிடந்ததை நாமே கண்டிருக்கிறோம்.

பழைய வழக்கங்களிலே நாம் விடாது பற்றியிருப்பது வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது. நிலத்திலே நீர் ஊற்றப்படும் என்பது உறுதியாயின் நிலத்திலே எதனையும் விட்டுவைக்க முடியாது. வியாழன் மாலை விளக்கேற்றுமுன் மூன்று பிள்ளைகளும் தத்தம் பொருட்களை எடுத்துவிட வேண்டும். ஏச்சும் மன்றாட்டமும் செய்யாத காரியத்தை ஒரு வாளி தண்ணீர் செய்கின்றது.

எடுத்த பொருளை எங்கே வைப்பது? பெரும்பாலான வீடுகளிலே இவ்விடத்திற்றான் முயற்சி தடைப்படுகின்றது. "ஒழுங்காக வை" என்று கட்டளையிடுகிறோம்; வைக்கும் தட்டோ குழந்தையின் தலைக்கு மேலே இருக்கின்றது. மரியா மொண்டிசோரி அம்மையார் 1907 இல் ரோமாபுரியிலே தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோது, தளபாடங்களைக் குழந்தையின் உயரத்துக்கு ஏற்பச் செய்வித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தை இந்தியாவிற் கழித்த அவர், 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியைகளைப் பயிற்றினார். அவர் பெயரைத் தாங்கிய பாலர் பள்ளிகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. தாழ்ந்த தட்டு மட்டும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. நாம் செய்தது மிகச் சிறிய காரியம். புத்தகப் பை கொளுவும் ஆணிகளைக் கடைக்குட்டியின் தோளுயரத்துக்கு இறக்கி அடித்தோம். பின்னர் சந்தையிலே மூன்று கடகங்கள் வாங்கி, பிள்ளைக்கு ஒன்றாக விறாந்தைச் சுவரோரம் வைத்தோம்.

கடகத்தின் சட்டம் எளிது. கொள்ளுமளவே விளையாட்டுப் பொருள் வெளியில் இருக்கலாம். எஞ்சியவை பெட்டியிலே கட்டி அலுமாரியின்மேல் ஏற்றப்படும். மாதப் பிறப்பிலே விரும்பியதை மாற்றி எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2018 இல் வெளியான ஆய்வொன்றிலே, 18 முதல் 30 மாதம் வரை வயதுடைய 36 குழந்தைகளை ஒருமுறை 4 விளையாட்டுப் பொருட்களோடும், மற்றொருமுறை 16 பொருட்களோடும் விளையாட விட்டனர். பொருள் குறைந்தபோதே குழந்தைகள் ஒவ்வொன்றிலும் நெடுநேரம் ஈடுபட்டு, பலவிதமாக விளையாடினராம். எமது கடைக்குட்டியிடத்தும் இதனைக் காண்கிறோம். அலுமாரியின் மேலிருந்து இறங்கும் பழைய மரக்கட்டைகள் அவளுக்குப் புதிதாக வாங்கியவற்றைப் போலவே இருக்கின்றன.

கடகம் நிரம்பியபின் புதியதொன்று வருமாயின் பழையதொன்று வீட்டைவிட்டுப் போகவேண்டும். எது போவதென்று தீர்மானிப்பவர் கடகத்துக்கு உரியவரே; பெற்றோர் அல்லர். இச்சட்டத்தை எழுதுவது எளிது, காப்பது கடினம். ஏழு வயது மகன் நான்கு சோடாப் போத்தல் மூடிகளையும் துருவேறிய சைக்கிள் மணியொன்றையும் வைத்துக்கொண்டு, லண்டனிலிருந்து அவனுடைய மாமா அனுப்பிய மின்கல மோட்டார் வண்டியை ஊர் முன்பள்ளிக்குக் கொடுத்துவிடலாம் என்றான். எமக்கு உள்ளம் பதைத்தது. அதன் விலை என்ன, அனுப்பியவர் கேட்டால் என்ன மறுமொழி சொல்வது என்றெல்லாம் எண்ணினோம். வாய் திறக்கவில்லை. வண்டி முன்பள்ளிக்குச் சென்றது. மணி இன்றும் விறாந்தையில் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும் வேளை பார்த்து அவன் பொருளைக் குப்பையிற் சேர்க்கும் பெற்றோரை நாம் அறிவோம். அவ்வாறு செய்யும் வீட்டிலே பிள்ளை ஒளித்து வைக்கவே பழகுகின்றான். தலையணை உறைக்குள்ளே கல்லும் கடதாசியும் சேர்வது அத்தகைய வீடுகளிலேதான்.

பிள்ளைகளின் கடதாசிகள் வேறொரு தொல்லை. மூத்தவள் ஐந்தாந் தர மாணவி. புலமைப்பரிசிற் பரீட்சை என்னும் பெயராலே தனியார் கல்வி நிலையத்திலிருந்து வரும் மாதிரி வினாத்தாள்களைக் கொண்டு ஒரு கூரை வேயலாம். 2022 ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டமை நேயர்களுக்கு நினைவிருக்கலாம். அக்காலத்தில் வெற்றுப் பக்கத்தின் அருமையை உணர்ந்தோம். அன்றுமுதல் முடிந்த கொப்பிகளின் எழுதாத தாள்களைப் பிரித்தெடுத்து, தடித்த நூலாலே தைத்துக் கணக்குச் செய்யும் கொப்பியாக்குகிறோம். மற்றவற்றை நவராத்திரி வரும்வரை ஒரு பெட்டியில் இடுகிறோம். சரசுவதி பூசைக்குப் புத்தகங்களையெல்லாம் வெளியே எடுக்கத்தானே வேண்டும்? பூசையில் வைக்கத் தக்கது எது, பழைய கடதாசிக்காரனுக்கு உரியது எது என்று அப்பொழுது பிள்ளைகளே பிரிக்கின்றனர். அவர்கள் கீறிய படங்களில் ஆண்டுக்கு ஐந்தை மட்டும் திகதியிட்டு ஒரு கோவையில் வைக்கிறோம்.

ஜப்பான் நாட்டு மாரி கொண்டோ அம்மையார் வீட்டை ஒழுங்குசெய்யும் கலையை உலகுக்கெல்லாம் போதித்தவர். மூன்று பிள்ளைகளுக்குத் தாயானபின், வீட்டை முற்றாக ஒழுங்குற வைத்திருப்பதைத் தாம் ஒருவாறு கைவிட்டுவிட்டதாக 2023 இல் அவர் கூறியபோது பலர் நகைத்தனர். எமக்கோ அவர்மேல் மதிப்புக் கூடியது.

நிற்க. எமது வீட்டிலே கடகச் சட்டத்துக்கு உட்படாத இராச்சியம் ஒன்று உண்டு. அது மாமியாரின் அறையும் அதனையடுத்த கோடிப்புறமும். பால்மாப் பேணிகள், தயிர்க் கோப்பைகள், ஜாம் போத்தல்கள், கழுவி உலர்த்தி முக்கோணமாக மடித்த பொலித்தீன் பைகள், குடைக் கம்பிகள், கயிற்றுத் துண்டுகள் ஆகியவற்றை அவர் ஆண்டாண்டாகச் சேர்த்து வந்தார். எதனையேனும் எடுக்கப் போனால், "இருக்கட்டும் பிள்ளை, ஒருநாளைக்குத் தேவைப்படும்" என்பார். பேரப்பிள்ளைகள் இதைக் கண்டு, "அப்பம்மாவுக்கு மட்டும் கடகம் இல்லையோ?" என்று கேட்கத் தொடங்கினர். நியாயமான கேள்விதான்.

அதற்கு விடை 1995 ஆம் ஆண்டில் இருக்கின்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு துறந்து, மழையிலே செம்மணி வெளியூடாக நடந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றனர். மாமியார் எடுத்துச் சென்றது ஒரு பை. அதிலே காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், இரண்டு மாற்றுடைகள். இடுப்பிலே கைக்குழந்தை, கையிலே எட்டு வயது மகன், அவரே எமது துணைவர். சாவகச்சேரியிலே ஒரு பாடசாலைக் கட்டடத்தில் ஒதுங்கியபோது குழந்தைக்குப் பால் காய்ச்ச ஒரு பாத்திரம் இல்லை. முன்பின் அறியாத ஒரு மூதாட்டி வெறும் பால்மாப் பேணியொன்றைக் கொடுத்தாராம். ஆறு மாதங்கள் அப்பேணியே அடுப்பிலிருந்தது. 1996 இல் திரும்பி வந்தபோது வீட்டிலே கதவுமில்லை, யன்னலுமில்லை, சட்டி பானையுமில்லை. இதனை அறிந்த எவர்தாம் அவர் பேணியைத் தூக்கி எறிவார்?

எனினும் மழைக்காலம் இதனையெல்லாம் அறியாது. 2017 இலே இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளாயினர் என்று பதிவாகியுள்ளது. அந்நோயைப் பரப்பும் நுளம்புக்குக் குளமும் கேணியும் வேண்டியதில்லை. ஒரு தயிர்க் கோப்பையிலே தேங்கும் நீர் போதும். முட்டை பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை செல்லும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு கிடந்து அடுத்த மழையிலே பொரிக்கும். 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி இத்தகைய இடம் வைத்திருத்தல் தண்டனைக்குரியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐப்பசி கார்த்திகையிலே வளவுக்குள் வருவது இதற்காகவே.

எமது வளவுக்கு வந்தவர் ஓர் இளைஞர். அவர் சட்டத்தைப் பேசவில்லை. பேணியொன்றின் நீரைத் தமது வெள்ளைக் கோப்பையிலே ஊற்றி, "அம்மா, இதைப் பாருங்கோ" என்று மாமியாரிடம் நீட்டினார். குடம்பிகள் நெளிந்தன. மாமியார் கண்ணாடியை எடுத்துவரச் செய்து நெடுநேரம் பார்த்தார். அன்று பின்னேரம் அவரே கோடிப்புறத்துக்குப் போய்ப் பேணிகளைக் கவிழ்த்துச் சாக்கிலே கட்டினார். நாம் உதவிக்குச் சென்றபோது, "நீ விடு, என்ர சாமான்" என்றார். பன்னிரண்டு பேணிகளை மாத்திரம் வேறாக எடுத்துக் கழுவி, மூடி போட்டு, குசினித் தட்டிலே வைத்தார். அவற்றிலே பருப்பும் மல்லியும் வெந்தயமும் இருக்கின்றன. பதின்மூன்றாவது இன்றுவரை சேரவில்லை.

ஆயினும் ஒரு விடயத்தில் அவருக்கும் எமக்கும் கருத்து வேறுபாடு உண்டாயிற்று. கடகம் பிரிக்கும்போது பேரப்பிள்ளைகளை நோக்கி, "ஓடவேண்டி வந்தால் எதை எடுப்பாய்?" என்று கேட்பார். மகன் சைக்கிள் மணியை உயர்த்திக் காட்டுவான். மூத்தவள் ஒருமுறை மறுமொழி சொல்லாமல் அறைக்குட் சென்றுவிட்டாள். அன்றிரவு தன் புத்தகப் பையிலே தங்கையின் உடுப்புகளை அடுக்கிவைத்திருந்ததைக் கண்டோம். வேண்டாத பொருளைப் பிரிக்க அச்சத்தை அளவுகோலாகப் பிள்ளைகளின் கையிற் கொடுத்தல் தகாது என்பது எமது கருத்து. இதனைத் துணைவர் தாமே தாயாரிடம் எடுத்துச் சொன்னார். அவர் எதுவும் பேசவில்லை. அடுத்த மாதம் கடகம் பிரித்தபோது, "எது உனக்கு விளையாட விருப்பம்?" என்று மட்டும் கேட்டார்.

உறுதியும் பத்திரங்களும் உள்ள அந்தப் பை அவருடைய தலைமாட்டிலேயே இருக்கின்றது. பேரப்பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் கேட்டு வாங்கி அதிலே சேர்த்துக்கொண்டார். அப்பையை எவரும் பிரிக்கச் சொல்லவில்லை.

இப்பொழுது எம்முன் உள்ள காரியம் ஆவணி மாதத்தைப் பற்றியது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து மைத்துனி வருகின்றார். பெட்டி கட்டத் தொடங்கிவிட்டதாகத் தொலைபேசியிற் சொன்னார். பிள்ளைகளின் பாத அளவுகளைக் கடதாசியிலே கீறி அனுப்பி, சப்பாத்து மட்டும் கொண்டுவரும்படியும், எஞ்சிய நிறைக்குப் பதிலாக இரண்டு வாரம் கூடுதலாகத் தங்கும்படியும் கேட்டிருக்கிறோம். சப்பாத்துக்கு உடன்பட்டுவிட்டார். இரண்டு வாரத்துக்கு இன்னும் மறுமொழி வரவில்லை.