நின்றால் என்ன ஆகும்?

கல்லூரி சிம்போசியங்கள் நெருங்கும் பருவத்தில் சென்னை ரிச்சி தெருவில், ரோபோ சாமான் விற்கும் எந்தக் கடைக் கவுன்ட்டரில் நின்றாலும் ஏறக்குறைய ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது. "அண்ணா, முந்நூறு ஆர்.பி.எம். ஜான்சன் நாலு குடுங்க." "பன்னெண்டு வோல்ட்தானே தம்பி?" அவ்வளவுதான், தேர்வு முடிந்தது. ரோபோவின் எடை என்ன, சக்கரம் எவ்வளவு பெரிது, டிரைவர் போர்டு எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதெல்லாம் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்டால்தான் உண்டு. கேட்க அவருக்கு நேரமில்லை, பின்னால் ஒரு கூட்டம் நிற்கிறது. இந்தப் பழக்கம் அடிப்படையிலேயே கோளாறானது என்று நினைக்கிறேன். கடையில் கேட்கும் அந்த ஆர்.பி.எம். என்பது சுமையே இல்லாமல் சுற்றும்போது மோட்டார் காட்டுகிற வேகம். போட்டிக் களத்தில் எந்த மோட்டாரும் சும்மா சுற்றுவதில்லை. எதிரணி ரோபோவை முட்டித் தள்ளும்போதும், சரிவில் ஏறத் திணறும்போதும், தூக்கிய பொருளோடு அந்தரத்தில் நிற்கும்போதும்தான் அதன் தகுதி தெரியவருகிறது. ஆகவே நின்றுபோனால் இது என்ன ஆகும் என்று கேட்டுத்தான் ஒரு மோட்டாரை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும்.

ஒப்பிடுவதற்கு முன்னால் கையில் இருப்பது எது என்று தெரிய வேண்டுமே. மஞ்சள் பிளாஸ்டிக் கியர் பெட்டியோடு வரும் பி.ஓ. மோட்டாரையும், 12 மி.மீ. அகலமே உள்ள என்20-ஐயும் குழந்தைகூடப் பிரித்துவிடும். சிக்கல் அதற்கு மேலேதான். ரிச்சி தெருவில் 'ஜான்சன்' என்றால் ஒரு கம்பெனி அல்ல. 37 மி.மீ. உலோக கியர் பெட்டியும், நடுவிலிருந்து ஓரமாக ஒதுங்கிய 6 மி.மீ. ஷாஃப்ட்டும் உள்ள எல்லாமே ஜான்சன்தான். 100 என்றும் 300 என்றும் ஸ்டிக்கர் மாறினாலும் பின்னால் ஒட்டியிருக்கும் மோட்டார் பெரும்பாலும் ஒரே மாதிரியானது; மாறுவது பல் சக்கர விகிதம். ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டின் உள்ளே வேறு வேறு காயில் இருப்பதும் உண்டு. மோட்டார்களுக்குச் சொல்லும் 540, 550, 775 என்ற எண்களின் கதை இன்னும் சுவாரசியம். இவை ஜப்பானின் மபுச்சி நிறுவனத்துப் பெயர் முறையிலிருந்து வந்தவை. அந்த முறையில் ஆர்.எஸ்.-540எஸ்.எச்.-6527 என்றால், ஆர் என்பது உருண்டை உடல், எஸ் என்பது கார்பன் பிரஷ், கடைசி நான்கு இலக்கங்கள் 0.65 மி.மீ. கம்பியில் 27 சுற்று. மோட்டாரின் குணம் முழுக்க அந்த வாலில் இருக்கிறது. சந்தையில் வால் உதிர்ந்து அளவு மட்டும் மிஞ்சிவிட்டது. 540-உம் 550-உம் ஒரே 36 மி.மீ. விட்டம், நீளத்தில் 50-க்கு 57 என்று வித்தியாசம். 775 என்றால் 42 மி.மீ. விட்டம் என்று ஸ்கேல் வைத்துச் சொல்லிவிடலாம். அது 12 வோல்ட்டுக்குச் சுற்றியதா 24 வோல்ட்டுக்கா என்பதை ஸ்கேல் சொல்லாது.

இந்த இடத்தில் கடை ஊழியர்களின் கைப்பழக்கத்தைக் குறைத்து மதிக்கக் கூடாது. கியர் இல்லாத மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் சேர்த்துவிட்டு, கட்டைவிரலால் ஷாஃப்ட்டைச் சுண்டிப் பார்க்கிறார்கள். முனைகள் பிரிந்திருக்கும்போது எளிதாகச் சுழன்ற ஷாஃப்ட், சேர்ந்ததும் தேனில் மாட்டிக்கொண்டதுபோல இழுக்கிறது. எவ்வளவு கெட்டியாக இழுக்கிறதோ, காந்தம் அவ்வளவு பலம், காயிலின் மின்தடை அவ்வளவு குறைவு. மோட்டார் நிற்கும்போது தரக்கூடிய டார்க்கையும் இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. பாடப்புத்தகம் திறக்காதவர்கூட விரலால் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார். விரல் 'அதிகம், குறைவு' என்று சொல்லும், எண் சொல்லாது. கியர் பெட்டி பூட்டிய பிறகு அதுவும் பொய்த்துவிடும்.

எண்ணுக்கு வோல்ட்டேஜைத் திருகக்கூடிய ஒரு பவர் சப்ளையும், ஒளியால் அளக்கும் டாக்கோமீட்டரும் போதும். மோட்டாரின் பின்பக்க ஷாஃப்ட்டைக் குறட்டில் பிடித்து 1 வோல்ட் மட்டும் கொடுக்கிறோம். 0.8 ஆம்பியர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்தடை 1.25 ஓம், 12 வோல்ட்டில் அது நின்றால் 9.6 ஆம்பியர் இழுக்கும். மல்டிமீட்டரின் ஓம் அளவை இங்கே நம்ப வேண்டாம், பிரஷ் தொடும் இடமும் வயரும் சேர்ந்து ஏமாற்றும். அடுத்து 12 வோல்ட்டில் சும்மா ஓட விடுகிறோம். 6,000 ஆர்.பி.எம்., 0.5 ஆம்பியர். இந்த நான்கு எண்களிலிருந்து நிற்கும் டார்க் சுமார் 0.165 நியூட்டன் மீட்டர் என்றும், பாதி வேகத்தில் கிடைக்கும் அதிகபட்ச சக்தி சுமார் 26 வாட் என்றும் கணக்குப் போட்டுவிடலாம். விளம்பரம் அந்த 26 வாட்டைப் பெருமையாகச் சொல்லும். அந்த நிலையிலேயே உள்ளே சுமார் 35 வாட் வெப்பமாகிக்கொண்டிருக்கிறது. முழுக்க நின்றுவிட்டாலோ 115 வாட் முழுவதும் வெப்பம்தான். நாலு 25 வாட் சோல்டரிங் அயர்னை அந்தச் சின்ன டப்பாவுக்குள் செருகியதைவிட அதிகம். மாணவர்கள் பரவலாக வாங்கும் எல்298 டிரைவர் ஒரு சானலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் சுற்றிலேயே ஏன் புகை வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

உச்ச சக்தியை மட்டும் ஒப்பிட்டால் எப்படித் தவறு வரும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் ரோபோ போட்டி நல்ல சான்று. பள்ளி மாணவர்களுக்கான அந்தப் போட்டி 1992 முதல் நடக்கிறது. அங்கே அனுமதிக்கப்பட்ட மோட்டார்களின் பட்டியல் உண்டு. அவற்றின் அளவீடுகளும் பொதுவில் கிடைக்கின்றன. சிம் என்ற மோட்டாரின் உச்ச சக்தி 337 வாட். 775 ப்ரோவுக்கு 347 வாட். சிம் 1.27 கிலோ, 775 ப்ரோ அதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. காகிதத்தில் எவரும் இலேசானதைத்தான் எடுப்பார்கள். ஆனால் 12 வோல்ட்டில் நிறுத்திப் பிடித்தால், 775 ப்ரோ சில வினாடிகளில் கருகிவிடக்கூடியது. சிம் அதைப்போலப் பல மடங்கு நேரம் தாங்கும். 775 ப்ரோவைக் குளிர்விப்பது உள்ளே இருக்கும் விசிறி, அது மோட்டார் சுற்றினால்தான் சுற்றும். சிம்முக்கு விசிறி கிடையாது, கனத்த இரும்பு உடம்பே வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. சக்தி கிட்டத்தட்ட ஒன்று, குணம் நேர் எதிர்.

கியர் விகிதத்தைக் கூட்டினால் டார்க் தானாக வருமே, பிறகு ஏன் இத்தனை அளவீடு என்று கேட்கலாம். பாதி சரியான கேள்வி. கியர் சக்தியை உண்டாக்காது. ஆனால் விகிதத்தைச் சரியாக வைத்தால், மோட்டார் நிற்கும் நிலைக்கே போகாமல் காப்பாற்றலாம். 8 கிலோ ரோபோ, நான்கு சக்கரத்திலும் மோட்டார், சக்கர ஆரம் 5 செ.மீ., தரையோடு உராய்வு 0.8 என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 32 கிலோ-செ.மீ., சக்கரத்துக்கு 8 கிலோ-செ.மீ. டார்க் வந்ததும் சக்கரம் வழுக்கிவிடும். சக்கரத்தில் 16 கிலோ-செ.மீ. நிற்கும் டார்க் இருக்கும்படி கியர் வைத்தால், சுவரில் முட்டினாலும் சக்கரம்தான் சுழலும், மோட்டார் பாதி கரண்ட்டுக்கு மேல் இழுக்காது. அதே எடைக்கு 300-ஐ விட 100 ஆர்.பி.எம். ஜான்சன் பிழைத்துக்கொள்வது இதனால்தான். வேகம் போய்விடுமே என்பார்கள். போகட்டும், சின்னக் களத்தில் உச்ச வேகத்தை எட்டுவதற்குள் எதிர்ச் சுவர் வந்துவிடுகிறது. பிரஷ்லெஸ் வாங்கினால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லை என்பவர்களுக்கும் தப்பிப்பு கிடையாது. அங்கும் காயில் செம்புதான், நின்றால் அதுவும் சூடாகும். செம்பு 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் மின்தடை ஏறக்குறைய 40 சதவீதம் ஏறும்.

வழுக்கித் தப்பிக்க வழியில்லாதது தூக்கும் கை. அதற்கு மாணவர்கள் நாடிப் போவது சென்னைப் புதுப்பேட்டை. பழைய கார் உதிரிகளுக்கு நடுவில் கிடைக்கும் வைப்பர் மோட்டாரில் வார்ம் கியர் இருப்பதால், கரண்ட்டை நிறுத்தினாலும் கை பெரும்பாலும் கீழே இறங்காது. நிற்பதற்குக் கரண்ட்டே தேவைப்படாத மோட்டார் என்ற வகையில், இந்தக் கட்டுரையின் கேள்விக்கு அதுதான் நேரான பதில். ஆனால் அதில் மூன்று பிரஷ் இருக்கும், இரண்டு வேகத்துக்காக. மூன்றாவது பிரஷ் கோணம் விலகி இருப்பதால், அந்த வயரில் முன்னும் பின்னும் ஒரே வேகம் வராது. சிலவற்றில் நெகட்டிவ் நேராக உடம்போடு இணைந்திருக்கும். திசை மாற்றும் டிரைவரில் மாட்டி இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டால் ஷார்ட்தான். கார் ஜன்னல் மோட்டார்கள் பலவற்றில் சூடானால் தானே கரண்ட்டை முடக்கும் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. மோட்டார் எரியாது, ஆனால் ஆட்டத்தின் நடுவில் கை செத்துவிடும், ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓடும். வயரிங்கில் தவறு தேடி இரவைக் கழிப்பதைவிட, வாங்கும் முன் பேட்டரியில் மாட்டி ஷாஃப்ட்டை இறுகப் பிடித்து எத்தனை வினாடியில் முடங்குகிறது என்று பார்த்துவிடலாம். இதற்குப் புதுப்பேட்டைக் கடைகளில் முகம் சுளிப்பதில்லை, பேட்டரியை அவர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள்.