சங்கிலிக் கூடையும் சிறு வட்டும்

அமெரிக்க நாட்டை எங்கள் வாழ்நாளில் காண்போம் என்று நாங்கள் கருதியதே இல்லை. காலிபோர்னியாவில் பாசடேனா நகரில் வாழும் எங்கள் தங்கையின் இரண்டாம் பிரசவத்துக்குத் தாயாரை அனுப்பி வைப்பது என்பதே ஏற்பாடு. வழித்துணை வேண்டியிருக்கலாம் என்று நாங்களும் விசா பெற்று வைத்திருந்தோம். 2023ஆம் ஆண்டு மே மாதம் குழந்தை இரண்டு மாதம் முந்திப் பிறந்துவிட்டது. செய்தி கிடைத்த நான்காம் நாள், ஆறு வார விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நாகபுரியிலிருந்து குடும்பத்துடன் மும்பை சென்று விமானம் ஏறினோம்.

குழந்தையின் எடை 1,400 கிராம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. ஒரே சமயத்தில் இருவர்தாம் உள்ளே செல்லலாம். தங்கையும் தாயாரும் அங்கே இருப்பர். மற்றையோருக்குக் காத்திருத்தல் ஒன்றே வேலை. அவர்களுள் மிக வருந்தியவள் தங்கையின் மூத்த மகள், ஆறு வயதினள். தம்பியைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. தட்டில் வைத்த சோறு வைத்தபடியே இருக்கும். இதைக் கண்ட மாப்பிள்ளை, ஒரு நாள் மாலை, பை நிறைய வண்ண வட்டுகளை எடுத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் காரில் ஏற்றினார்.

அவர் எங்களை அழைத்துச் சென்ற இடம் பாசடேனாவுக்கு வடக்கே உள்ள ஹஹமோங்னா பூங்கா. ஓக் குரோவ் என்பது அதன் பழைய பெயர். பின்னால் சான் கேபிரியல் மலைத்தொடர். பக்கத்திலே ஜெட் புரொப்பல்ஷன் ஆய்வுக்கூடம். 1977ஆம் ஆண்டு புறப்பட்டுக் கோள்களையெல்லாம் கடந்து சென்ற வாயேஜர் விண்கலங்கள் உருவானது அவ்விடத்தில்தான். அந்த ஆய்வுக்கூடத்தின் அண்டையில், ஓக் மரங்களின் நிழலில், கையகல வட்டுகளை மனிதர்கள் எறிந்து விளையாடுகிறார்கள். விளையாட்டின் பெயர் டிஸ்க் கால்ஃப்.

முறை மிக எளிது. கால்ஃப் ஆட்டத்தில் கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளுவர்; இங்கே வட்டை எறிந்து கூடையில் விழச் செய்ய வேண்டும். கூடை ஓர் இரும்புக் கம்பத்தின் நடுவில் இருக்கிறது. அதற்கு மேலே சங்கிலிகள் தொங்குகின்றன. வட்டு சங்கிலியில் மோதி வேகம் இழந்து கூடையில் விழும். முதல் எறி குறிப்பிட்ட மேடையிலிருந்து. அடுத்த எறி, வட்டு விழுந்த இடத்திலிருந்து. பதினெட்டுக் கூடைகளையும் மிகக் குறைந்த எறிகளில் முடிப்பவரே வென்றவர். தொலைவுக்கு ஒரு வட்டு, அருகில் சேர்க்க ஒரு வட்டு என்று வகைகள் உண்டு. தொலைவு வட்டின் விளிம்பு கூர்மையாக இருக்கும். ஓக் குரோவில் விளையாடக் கட்டணம் ஏதும் இல்லை.

இத்திடலுக்கு ஒரு பெருமை உண்டு. நிலையாக அமைக்கப்பட்ட முதல் டிஸ்க் கால்ஃப் திடல் இதுவே; ஆண்டு 1975. அமைத்தவர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பி வட்டைச் செய்து விற்ற வாம்-ஓ நிறுவனத்தில் அவர் பணிபுரிந்தவர். தொடக்கத்தில் இங்கே கூடை கிடையாது; வெறும் கம்பங்களே இலக்கு. வட்டு கம்பத்தைத் தொட்டதா இல்லையா என்று ஆட்டக்காரர்களுக்குள் வழக்கு எழும். அவ்வழக்கைத் தீர்க்கவே அவர் சங்கிலிக் கூடையை அமைத்து, 1977இல் காப்புரிமை பெற்றார். சங்கிலி ஒலித்தால் சாட்சி வேண்டியதில்லை அல்லவா?

முதல் நாள் எங்கள் வட்டுகள் பெரும்பாலும் மரங்களையே தேடிச் சென்றன. எங்கள் மகன் எறிந்தது புதருக்குள் மறைந்தது. நச்சு ஓக் என்னும் செடி அங்கு உண்டு, தொட்டால் உடல் அரிக்கும் என்று மாப்பிள்ளை எச்சரித்தமையால், நீண்ட குச்சியால் அதை வெளியே இழுத்தோம். சிறுமியோ வட்டைத் தொடாமல் ஓரமாக நின்றாள். ஐந்தாம் கூடையருகே, "இது எவ்வளவு கனம் மாமா?" என்று கேட்டாள். ஏறக்குறைய 175 கிராம் என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தவள், "தம்பி எத்தனை வட்டு?" என்றாள்.

அவ்வளவு நாளும் அவள் கேளாதிருந்த கேள்வி அது. கணக்கிட்டுப் பார்த்தோம், எட்டு வட்டு. பையிலிருந்து எட்டு வட்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவள் இரு கைகளிலும் வைத்தோம். மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த கூடை வரையில் அவளே சுமந்து வந்தாள். அன்றிரவு சோறு உண்டாள்.

அதன் பின்னர் ஆஸ்பத்திரியிலிருந்து எடை தெரிய வரும்போதெல்லாம் வீட்டு முற்றத்தில் வட்டுக் கணக்கு நடக்கும். முதல் வாரம் எடை குறைந்து ஒரு வட்டு கழிந்தது. அன்று அவள் அழுதாள். பிறக்கும் குழந்தைகளுக்குத் தொடக்கத்தில் எடை சிறிது குறைவது இயல்பே என்று தாதியார் சொன்னதைத் தாயார் அவளுக்கு விளக்கினார். பின்னர் எட்டு மீண்டது. ஒன்பது, பத்து என்று உயர்ந்தது. இடையே ஒரு ஞாயிற்றுக்கிழமை லா மிராடா பூங்காத் திடலுக்கும் சென்றோம். அங்கே ஏரியும் விரிந்த புல்வெளியும் உண்டு. பார்வைக்கு எளிதாகத் தோன்றும். ஆனால் மரம் மறைக்காத வெளியில் காற்று வட்டைத் தன் விருப்பம்போல் தூக்கிச் செல்லும். தாயாரும் அங்கே ஒரு வட்டு எறிந்தார். மூன்றடி தொலைவில் நின்று எறிந்ததே எனினும், சங்கிலி கலீரென்று ஒலித்தபோது, கோயில் மணி கேட்டவர்போல் கைகுவித்தார்.

ஐந்து வாரம் கழித்துப் பன்னிரண்டு வட்டுக் கனத்துடன் குழந்தை வீடு வந்து சேர்ந்தது. எங்கள் விடுப்பில் எஞ்சியிருந்தவை ஐந்தே நாட்கள்.

ஹெட்ரிக் 2002ஆம் ஆண்டு காலமானார். அவர் விரும்பியபடியே, அவரது சாம்பலைக் கலந்து வட்டுகள் வார்த்தார்களாம். சாம்பலை ஆற்றில் கரைக்கும் நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், தாம் கண்ட விளையாட்டினால் பிறர் மகிழ வேண்டும் என்ற ஆசை நமக்கு விளங்காததன்று.

நம் சங்கத்துப் பிள்ளைகள் மாலை வேளையில் கைப்பேசியுடன் மூலைக்கொருவராக அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். சங்கிலிக் கூடை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஹெட்ரிக்கும் வெறும் கம்பங்களைக் கொண்டே தொடங்கினார். ரயில்வே காலனி மைதானத்து வேப்ப மரங்களில் துணி கட்டி எண் எழுதினால் ஒன்பது இலக்குகள் எளிதில் அமையும். மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய வட்டுகள் ஆறு எங்களிடம் உள்ளன. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கொண்டுவருகிறோம். பெற்றோரும் பிள்ளைகளுடன் வருக. வட்டு மரத்தைத் தொட்டதா இல்லையா என்ற வழக்கு வந்தால், பெரியோர் தீர்த்து வைக்கட்டும்.