சுட்டு நிறுத்திய பிறகு

தாத்தாவின் இடது உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு இருந்தது. கேட்டால், "கொழம்பு சட்டி சுட்டுடுச்சு" என்பார். காட்டேரிக்குப்பத்தில் அவருக்கு 'சொல்தா' என்றுதான் பெயர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போய்வந்தவர்களைப் புதுச்சேரிப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சண்டையைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்.

2019இல் அத்தை மகன் லீவில் வந்திருந்தான். அவனும் பிரெஞ்சு ராணுவம். ஃபமாஸுக்குப் பதிலாக 2016இல் தேர்வான ஹெச்.கே. 416 துப்பாக்கியின் படத்தை செல்லில் காட்டினான். டார்ச், லேசர் எல்லாம் மாட்டியிருந்தது. தாத்தாவுக்கு அப்போது 87 வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதெல்லாம் எதுமேல கட்டியிருக்கு? குழா மேலயா?"

"இல்ல தாத்தா, குழாயச் சுத்தி இருக்கற கூடு மேல. கூடு பின்னாடி மட்டும்தான் பிடிச்சிருக்கும், குழாயத் தொடாது."

காரணம் சூடு. மருந்து எரிகிற வெப்பத்தில் ஒரு பங்கு குழாய்க்குள் இறங்கிவிடும். தொடர்ந்து சில மேகசின் சுட்டால் குழாயில் கை வைக்க முடியாது. டார்ச்சை அதன்மேலேயே இறுக்கினால் பேட்டரி, பசை, ரப்பர் வளையம் எல்லாம் வீணாகும். எல்.இ.டி.க்கும் சொந்தச் சூடு உண்டு. அந்தச் சூட்டை வெளியே விடத்தான் உலோக உடம்பு. அதுவும் போதாவிட்டால் நல்ல விளக்குகள் தாமே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். லேசரின் பாடு இன்னும் மோசம். பத்து சென்டிமீட்டர் நீள லேசரின் ஒரு முனை 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால், நூறு மீட்டர் தள்ளி புள்ளி பத்து சென்டிமீட்டர் விலகிவிடும். சூட்டில் விரிகிற இரும்புக்கு அந்த அளவு நகர்த்துவது பெரிய விஷயமில்லை.

எல்லாம் கேட்டுவிட்டுத் தாத்தா சொன்னார்: "சுடும்போது தெரியாதுடா. நிறுத்தினப்புறம்தான் சூடு வெளிய வரும்."

அத்தை மகன் தலையாட்டினான். உள்ளே ஏறிய வெப்பம் இரும்பைக் கடந்து வெளிப்பக்கம் வரக் கொஞ்ச நேரமாகும். சத்தம் ஓய்ந்த பிறகும் வெளிப்பரப்பு சூடேறிக்கொண்டே இருக்கும்.

தாத்தா உள்ளங்கையை விரித்தார். எஃப்.எம். 24/29 என்ற இலகுரக இயந்திரத் துப்பாக்கி. சுட்டவர் பக்கத்து ஊர்க்காரர். மேகசின் மாற்றித் தந்தது தாத்தா. சண்டை ஓய்ந்தது, பின்வாங்கச் சொல்லி உத்தரவு. சுட்டவர் எழுந்திருக்கவில்லை. தாத்தா அவசரத்தில் குழாயைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்.

"துப்பாக்கிய எடுத்துட்டேன். அவன எடுக்க முடியல."

அந்தச் சண்டை 1954இல் முடிந்தது. அதே வருஷம் நவம்பரில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அதற்குப் பிறகு 65 வருஷம் ஓடியிருக்கிறது.

அத்தை அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை.

"கொழம்பு சட்டின்னு சொன்னியேப்பா" என்றாள்.